ஸ்டியரிங் இல்லாத வண்டி

டிராம் கண்ணில் படுவதற்கு முன்பே அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு வலது காலைத் தண்டவாளத்தின் மேல் வைப்பார். கட்டைவிரல் மட்டும் எதையோ உற்றுக் கேட்பதுபோல் நிமிர்ந்து நிற்கும். பிறகு, "பாலத்து மேல ஏறிடுச்சு" என்பார். நிறுத்தத்தில் நிற்கிறவர்கள் தலைக்கு மேலே இருக்கும் மின்பலகையைப் பார்ப்பார்கள். இன்னும் ஆறு நிமிடம் என்று அது சொல்லும். மூன்றாவது நிமிடத்தில் டிராம் முக்கில் திரும்பி வந்து நிற்கும். அண்ணன் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றிருப்பார்.

தங்கைக்கு முதல் வாரம் இது பெரிய கூச்சமாக இருந்தது. அந்த நிறுத்தத்தில் அவளை எல்லோருக்கும் தெரியும். நான்கு நிறுத்தம் தள்ளியிருக்கும் மருந்துக் கடையில் மருந்து எடுத்துக் கொடுக்கிறவள் அவள். இருபத்திரண்டு வருடமாக அதே ஆறாம் எண் டிராமில் போய் வருகிறாள். தண்டவாளம் நடுங்கும் என்பதே அவளுக்குத் தெரியாது. ஒரு நாள் காலையில், பக்கத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, அவளும் செருப்பைக் கழற்றிக் காலை வைத்துப் பார்த்தாள். பூனை உறுமுவதுபோல் ஒன்று உள்ளங்காலில் ஏறிவந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அண்ணனுக்கு ஐம்பத்தெட்டு வயது. முப்பத்தொரு வருடம் லாரி ஓட்டியவர். சன்னலோரம் வைத்த கை மட்டும் கருத்து, மற்றது வெளுத்து, இரண்டு கையும் இரண்டு ஆளுக்குச் சொந்தமானவைபோல் இருக்கும். லாரிக்காரர்கள் நடுவே அவருக்கு 'ஹாரன்' என்று பெயர். ஹாரனையே தொடமாட்டார் என்பதால் வந்த பெயர் அது. கண்ணில் அழுத்தம் ஏறியிருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் என்று ஊரில் ஒரு டாக்டர் எழுதிக் கொடுக்க, சொட்டு மருந்தும் கையுமாகத் தங்கை வீட்டுக்கு வந்து சேர்ந்தார். பக்கப் பார்வையைச் சோதிக்கும் மெஷின் அந்த ஆஸ்பத்திரியில் ஒன்றே ஒன்றுதான். ஐந்து வாரம் கழித்து ஒரு நாளும் நேரமும் குறித்துக் கொடுத்தார்கள். ஊருக்குப் போய்விட்டுத் திரும்ப வருகிறேன் என்றவரைத் தங்கைதான் விடவில்லை. அவள் கல்யாணத்துக்குப் பிறகு அண்ணன் சேர்ந்தாற்போல் இரண்டு நாள் அவள் வீட்டில் இருந்ததில்லை. வாசலை அடைத்துக்கொண்டு லாரி நிற்கும். அவசர அவசரமாகச் சாப்பிடுவார். "லோடு நிக்குது பாப்பா" என்பார். போய்விடுவார். நாற்பத்தாறு வயதிலும் அவள் அவருக்குப் பாப்பாதான்.

வந்த முதல் நாளே கூத்து. ஆறாம் எண் டிராம், ஒன்பதாவது நிறுத்தம் என்று போனில் சொல்லியிருந்தாள். அண்ணன் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். சிவப்பு விளக்குக்கு நின்றதையும் நிறுத்தம் என்று சேர்த்து எண்ணிவிட்டார். ஆறாவது நிறுத்தத்திலேயே அவர் கணக்கில் ஒன்பது முடிந்துவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு மீதித் தூரத்தைத் தண்டவாளத்தின் ஓரமாகவே நடந்து வந்தார். வியர்த்து வந்து நின்றவர் மூச்சு வாங்கிக்கொண்டே, "பஸ்ஸுன்னா வழி தப்பிடும். இதுக்கு வழி தரையிலயே எழுதியிருக்கு" என்றார்.

மறுநாள் பஸ்ஸில் வேறு கதை. இறங்க வேண்டுமானால் கம்பியில் இருக்கும் பட்டனை அமுக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. கண்டக்டர் வருவார், விசில் கொடுப்பார் என்று காத்திருந்தவர் டிப்போ வரைக்கும் போய்விட்டார். டிரைவர் விளக்குகளை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், காலிப் பஸ்ஸின் நடுவில் டிக்கெட்டுக்கான சில்லறையை நீட்டியபடி ஒருவர் மரியாதையாக உட்கார்ந்திருக்கிறார். இருவரும் அங்கேயே நின்று காற்று பிரேக்கைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினார்களாம். அந்த வாரம் தங்கை அவருக்கு ஒரு பாஸ் வாங்கிக் கொடுத்தாள். ஏறும்போது அதை மெஷினில் காட்ட வேண்டும். மெஷின் 'டிக்' என்று பச்சை விளக்குப் போட்டால், அதைப் பார்த்து, "நல்லதுப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போவார்.

அவரை ஆட்டி வைத்த விஷயம் இதெல்லாம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் டிராமில் முதல் வரிசையில் உட்கார்ந்தார்கள். ஓட்டியது, தடித்த கண்ணாடி போட்ட, காதோரம் நரைத்த ஒரு பெண். டிரைவர் அறைக் கதவில் பாதிக்கு மேல் கண்ணாடி. அண்ணன் இரண்டு நிறுத்தம் வரைக்கும் கழுத்தை நீட்டி நீட்டி உள்ளே எதையோ தேடினார். பிறகு தங்கையின் காதருகே குனிந்து, ரகசியம்போல் கேட்டார்.

"பாப்பா, ஸ்டியரிங் எங்க?"

டிராமுக்கு அது கிடையாது, தண்டவாளம் திரும்பினால் வண்டியும் திரும்பும் என்று அவள் சொன்னாள். அவர் மறுபடி எட்டிப் பார்த்தார். இடது கையில் ஒரு பித்தளைப் பிடி, வலது கையில் பிரேக், காலடியில் மணி. அந்த அம்மாளின் வேலைச் சாமான் மொத்தமே அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப குறுக்க ஒரு கொழந்த ஓடி வந்தா, ஒடிச்சுத் திருப்ப முடியாது."

"முடியாதுண்ணே."

"நின்னுதான் ஆகணும்."

"ஆமா."

"முப்பத்தோரு வருஷமா நான் ஒடிச்சு ஒடிச்சே தப்பிச்சிருக்கேன் பாப்பா. இவங்க நிக்கிறதை மட்டும் நம்பி வண்டிய எடுக்கறாங்க. எப்பேர்ப்பட்ட மனசு வேணும்."

அன்றிலிருந்து அந்த டிரைவர் அவருக்கு 'அந்தம்மா'. அந்தம்மா காலையில் ஆறு மணிக்கு வண்டி எடுத்து மதியம் இரண்டு மணிக்கு விடுவார் என்பதையும், வளைவுக்கு முன்னால் நாக்கை மடித்துக் கடித்துக்கொள்வார் என்பதையும் மூன்றே நாளில் கண்டுபிடித்துவிட்டார். மற்ற டிரைவர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. நகரத்தில் பதினோரு டிராம் தடங்கள். எல்லாவற்றிலும் முதல் நிறுத்தத்திலிருந்து கடைசி நிறுத்தம் வரை போய், இறங்காமல் திரும்பி வந்தார். பஸ்களில் எத்தனை என்று கணக்கில்லை. தடங்களை வண்ண வண்ணக் கோடுகளாகப் போட்ட வரைபடத்தைத் தங்கையின் புருஷன் கொடுத்தபோது, நன்றாக இருக்கிறது என்று சொல்லி மடித்து வைத்துவிட்டார். அவருக்கு வழி உடம்பில்தான் பதியும். மூன்று இடது, ஒரு பாலம், ஒரு மேடு, நீளமான ஒரு வலது என்று சொல்வார். அது நூல் பிடித்தாற்போல் சரியாக இருக்கும்.

பஸ் டிரைவர்களை அவர் பிரேக் மிதிக்கும் காலை வைத்துத்தான் எடைபோடுவார். ஒருவர் நிறுத்தும்போது நிற்கிறவர்கள் முன்னால் சாய்ந்தால், "இவருக்குக் கால் இல்ல, கட்டைதான் இருக்கு" என்பார். வயிற்றுத் தண்ணீர் அலுங்காமல் நிறுத்துகிறவர் கிடைத்துவிட்டால் போதும், இறங்கும்போது டிரைவர் சன்னல் பக்கம் போய் நின்று, "நல்ல கால்" என்று சொல்லிவிட்டு வருவார். சிலர் சிரித்தார்கள். ஒருவர் குனிந்து தன் ஷூவைப் பார்த்துக்கொண்டார். பதினாலாம் எண் பஸ்ஸை ஓட்டும் இளைஞன் ஒருவன் மட்டும், ஒன்பது வருடத்தில் இப்படி ஒருவர் சொல்வது இதுதான் முதல் தடவை என்று சொல்லி, நிறுத்தமே இல்லாத இடத்தில் தங்கை வீட்டு வாசலுக்கு நேராக அவரை இறக்கிவிட்டான்.

கடைசி நிறுத்தம் அவருக்குத் தனி ஆச்சரியம். ஆறாம் எண் தடத்தில் ஓடுவது பழைய ரக டிராம். இரண்டு முனையிலும் டிரைவர் அறை உண்டு. தடம் முடிந்ததும் அந்தம்மா பித்தளைப் பிடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு, நடுப்பாதை வழியாக நடந்து மறு முனைக்குப் போய் மாட்டுவார். பின்பக்கம் முன்பக்கமாகிவிடும். இருக்கைகளின் சாய்மானத்தை மட்டும் மறுபக்கம் புரட்டிப்போட வேண்டும். ஒரு லாரியைத் திருப்ப எத்தனை மைதானம் தேடியிருப்பார், எத்தனை பேரிடம் வசை வாங்கியிருப்பார்! "திரும்பாமலே திரும்புது பாரு" என்று முதல் நாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். இரண்டாம் நாளிலிருந்து சாய்மானங்களைப் புரட்டும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார். இந்தப் பக்கம் பன்னிரண்டு, அந்தப் பக்கம் பன்னிரண்டு, டடக் டடக் என்று புரட்டிக்கொண்டே அந்தம்மாவின் பின்னால் நடப்பார். அந்தம்மா முதலில் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார்; நானும் லாரிக்காரன்தாங்க என்றார் அண்ணன். பிறகு திரும்பிப் பார்ப்பதை விட்டுவிட்டார்.

இத்தனையும் வீட்டில் தினம் சிரிப்பு. தங்கையின் புருஷன், உன் அண்ணனுக்கு நகராட்சி சம்பளம் கொடுக்க வேண்டும் என்பார். தங்கையும் சிரிப்பாள். ஆனால் அவளுக்குள் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் கொண்டுவந்த சொட்டு மருந்து அவள் கடையில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அதை வாங்குகிறவர்கள் மாதா மாதம் வருவார்கள், வாழ்நாள் முழுக்க வருவார்கள். ஒவ்வொரு வருடமும் கதவு நிலையில் கொஞ்சம் கூடுதலாக இடித்துக்கொண்டு வருவார்கள். அண்ணன் தண்ணீர்ச் செம்பைத் தேடும்போது முகத்தை முழுதாகத் திருப்பித் தேடுவதை அவள் கவனித்திருந்தாள். கேட்கத்தான் வாய் வரவில்லை. லைசென்ஸைப் புதுப்பிக்கத்தான் இந்தச் சோதனை, முடிந்ததும் மறுபடி லாரியில் ஏறிவிடுவார் என்று அவளாக நினைத்துக்கொண்டிருந்தாள். 

குறித்த நாள் வந்தது. பத்து நாற்பதுக்கு மெஷின். தவறவிட்டால் அடுத்த தேதிக்கு இரண்டு மாதம் ஆகும். தங்கை கடைக்கு லீவு சொல்லிவிட்டு, ஒன்பதே முக்காலுக்கெல்லாம் அவரை ஆறாம் எண்ணில் ஏற்றிவிட்டாள். ஓட்டியது அந்தம்மாதான். அண்ணன் புதுச் சட்டை போட்டிருந்தார். 

தையல் மெஷின் கடைகள் இருக்கும் குறுகலான தெருவில் டிராம் நின்றது. மணி அடித்தது. மறுபடி அடித்தது. முன்னால் ஒரு சின்ன வெள்ளைக் கார், மூக்கை நடைபாதைப் பக்கம் நுழைத்து, பின்புறத்தைத் தண்டவாளத்தின் பக்கம் நீட்டிக்கொண்டு, பூட்டிக் கிடந்தது. ஓட்டி வந்தவனைக் காணோம். அந்தம்மா கண்ட்ரோல் ரூமுக்குப் பேசினார். இழுவை வண்டி வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். ஜனங்கள் முணுமுணுத்துக்கொண்டே இறங்கத் தொடங்கினார்கள். அடுத்த தெருவில் பதினாலாம் எண் பஸ் ஓடும், ஓடிப்போனால் பிடித்துவிடலாம். தங்கை அண்ணனின் கையைப் பிடித்து இழுத்தாள்.

அவர் இறங்கினார். பஸ் பக்கம் போகவில்லை.

"நடுவழியில நிக்கிற வண்டிய விட்டுட்டு நான் போனதில்ல பாப்பா."

நேரமாகிறது என்று அவள் கெஞ்சினாள். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. தரையில் குத்தவைத்து, தண்டவாளத்திலிருந்து டிராமின் உடம்பு எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று கையால் அளந்தார். இரண்டு சாண், எட்டு விரல். பிறகு காரின் பம்பருக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே அளந்தார். ஒரு சாண். எழுந்து வந்து அந்தம்மாவின் சன்னலுக்குக் கீழே நின்று, ரெண்டு சாண் நகர்ந்தா போயிடலாங்களா என்று கேட்டார். அந்தம்மா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு யோசித்தார். போகலாம், ஆனால் பூட்டிய காரை யார் நகர்த்துவது என்று கேட்டார்.

இறங்கிப் போய்க்கொண்டிருந்தவர்களை அண்ணன் அதட்டவில்லை, கூவி அழைக்கவும் இல்லை. ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்று, ஒரு கை கொடுங்க என்று கேட்டார். பெயின்ட் வாளியோடு நின்ற ஒருவர், தபால்காரர், இரண்டு கல்லூரிப் பெண்கள், டை கட்டிய ஒரு குண்டு மனிதர், இரண்டு தையல் மெஷின் கடைக்காரர்கள். அவரோடு எட்டுப் பேர். காரின் பின்புறம் முழுக்க அவர்களை நிறுத்தி, யார் கை எங்கே இருக்க வேண்டும் என்று தொட்டுத் தொட்டு வைத்தார். டை கட்டியவர் வேட்டியை மடிப்பதுபோல் டையைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார்.

"தூக்காதீங்க, இடுப்பு போயிடும்" என்றார் அண்ணன். "கீழ அமுக்கி ஆட விடுங்க. அது எழும்பும்ல, அப்ப மட்டும் அந்தப் பக்கம் தள்ளுங்க. பாதி வேலைய ஸ்பிரிங்கே பாத்துக்கும்."

கார் முதலில் சும்மா குலுங்கியது. பிறகு தூளிபோல் ஆடத் தொடங்கியது. கீழே, மேலே, கீழே, மேலே. "ம்" என்றார் அண்ணன். எட்டுப் பேரும் தள்ளினார்கள். டயர் தரையைக் கீறிக்கொண்டு நான்கு விரல் நகர்ந்தது. கல்லூரிப் பெண்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், நம்ப முடியாமல். மறுபடி ஆட்டினார்கள். மறுபடி "ம்". தெரு முழுக்கச் சத்தம் அடங்கிவிட்டது. இறங்கிப் போனவர்கள் திரும்பி வந்து நின்றார்கள், மாடிச் சன்னல்கள் திறந்தன. அந்த ஒற்றை எழுத்துக்காக இத்தனை பேர் காத்திருப்பதைத் தங்கை பார்த்தாள்.  இந்த மனிதரைத் தனக்குச் சோற்றுத் தட்டின் முன்னால் மட்டும்தான் தெரியும் என்று தோன்றியது.

ஏழாவது 'ம்'மில் இரண்டு சாண் ஆயிற்று. அண்ணன் மறுபடி அளந்து பார்த்துவிட்டு, காருக்கும் டிராமுக்கும் நடுவில் விழும் இடைவெளிக்கு நேராகப் போய்க் குந்தினார். அந்த இடைவெளியிலிருந்து கண்ணை எடுக்காமல், விரல்களை மட்டும் அசைத்து அந்தம்மாவை அழைத்தார். டிராம் எறும்புபோல் ஊர்ந்தது. அந்த நேரம் பார்த்துச் சந்திலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. அண்ணனின் இடது பக்கமாக, அவர் தோளுக்கு ஒரு முழம் கூட இல்லாத தூரத்தில், சட்டை படபடக்க உரசிக்கொண்டு போயிற்று. சுற்றி நின்ற அத்தனை பேரும் பின்னால் துள்ளினார்கள். அண்ணன் அசையவில்லை. துணிச்சலால் அசையாமல் இருந்தார் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். காற்று பட்ட பிறகுதான் அவர் முகம் அந்தப் பக்கம் திரும்பியது, என்னவென்று தேடியது. அதைத் தங்கை பார்த்துவிட்டாள்.

டிராம் நான்கு விரல் இடைவெளியில் காரைக் கடந்து நின்றது. ஜனங்கள் கை தட்டினார்கள். அந்தம்மா மணியை ஒரு தரம் அடித்தார். எல்லோரும் ஏறிக்கொண்டார்கள். டை கட்டியவர் அண்ணனுக்குப் பக்கத்தில் நின்று, தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

தங்கைக்குத் தாங்கவில்லை. "அண்ணே, அந்த வண்டி வந்தது உங்களுக்குத் தெரியல, இல்ல?"

அவர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொல்லத் தொடங்கினார். எட்டு மாதத்துக்கு முன்னால், விடிகாலையில், ஒரு முக்கில் லாரியை இடது பக்கம் ஒடித்தார். ஒடிப்பதற்கு முன்னால் கண்ணாடியைப் பார்த்தார், பக்கத்தையும் பார்த்தார். யாரும் இல்லை. பாதி திரும்பியபோது, கதவில் யாரோ உள்ளங்கையால் படபடவென்று அடித்தார்கள். நிறுத்தி இறங்கினால், சைக்கிளின் முன் சக்கரம் பம்பருக்கு அடியில் வளைந்து கிடக்கிறது. பக்கத்தில் ஒரு பெண் நிற்கிறாள். ஒரு கீறல் கூட இல்லை. அவள் திட்டவும் இல்லை. "என்னைப் பாக்கவே இல்லையா?" என்று மட்டும் கேட்டாளாம்.

அன்றைக்கு லோடை இறக்கிவிட்டு, லாரியைக் கழுவிச் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டார். ஒரு சைக்கிளுக்கா என்று முதலாளி சிரித்தார். வயசாயிடுச்சு, ஹாரனுக்குப் பயம் வந்துடுச்சு என்று கூட ஓட்டுகிறவர்கள் பேசினார்கள். அண்ணியிடம் முதுகு வலி என்று சொல்லி வைத்திருந்தார். அதன் பிறகு எந்த ஸ்டியரிங்கையும் அவர் தொடவில்லை.

"அப்ப இந்த டெஸ்ட்டு லைசென்ஸுக்கு இல்லையா?" என்றாள் அவள்.

"லைசென்ஸா? அதை வெச்சு என்ன பண்ணப்போறேன். நான் பயந்துபோய் எறங்கினேனா, நெசமாவே கண்ணு தெரியாமத்தான் எறங்கினேனா? எனக்கே தெரியல பாப்பா. அது தெரியணும்."

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது பதினொன்று பத்து. அரை மணி நேரம் தாமதம். என்ன சொல்லிக் காலில் விழலாம் என்று யோசித்துக்கொண்டே தங்கை போனாள். சோதனை அறை நர்ஸ் பட்டியலைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு எல்லாரும் ஆறாம் நம்பர்தானா?" என்று அலுத்துக்கொண்டார். அவர்களுக்கு முன்னால் இருந்தவரும் அதே டிராமில்தான் வந்து சேர்ந்திருந்தார். மெஷின் இத்தனை நேரம் சும்மா கிடந்திருக்கிறது.

சோதனை அறை இருட்டாக இருந்தது. பெரிய வெள்ளைக் கிண்ணம் ஒன்றைக் கவிழ்த்து நிறுத்தியதுபோல் மெஷின். அதற்குள் முகத்தைக் கொடுத்து, ஒரு கண்ணை மூடி, நடுவில் எரியும் மஞ்சள் புள்ளியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கிண்ணத்தில் அங்கங்கே வெளிச்சப் பொட்டுகள் மின்னும். பார்வை நகராமல், மின்னியது தெரிந்தால் பட்டனை அமுக்க வேண்டும். தங்கையை ஓரமாக ஒரு ஸ்டூலில் உட்காரச் சொன்னார்கள். அண்ணன் முதுகை நிமிர்த்தி, தூரப் பயணத்துக்கு உட்காருகிறவர்போல் உட்கார்ந்தார். டிக். டிக். டிக். நடுவில் வந்த பொட்டு எதையும் அவர் விடவில்லை. பிறகு பொட்டுகள் ஓரத்துக்குப் போயின. ஸ்டூலிலிருந்து அவளுக்கு அவை தெரிந்தன. இடது ஓரத்தில் ஒன்று. சத்தமில்லை. அதற்குக் கொஞ்சம் கீழே இன்னொன்று, முன்னதைவிடப் பெரிதாக. சத்தமில்லை. அண்ணனின் கட்டைவிரல் பட்டன் மேல் தயாராக, நடுங்காமல் இருந்தது. அதோ, அதோ அண்ணே என்று அவள் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. புடவைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள்.

டாக்டர் சின்ன வயதுக்காரர். இரண்டு வட்டங்கள் அச்சிட்ட காகிதத்தை மேஜையில் வைத்து விளக்கினார். வட்டத்தின் நடுவில் கை அகலத்துக்கு வெள்ளை, சுற்றிலும் கரி பூசியதுபோல் கறுப்பு. போன பார்வை வராது, சொட்டு மருந்து தவறாமல் போட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம், படிக்கலாம், முகம் பார்க்கலாம், ஆனால் இனி வண்டி ஓட்டவே கூடாது என்றார். சொல்லிவிட்டு, இடிந்துபோவார் என்று எதிர்பார்த்தோ என்னவோ, தண்ணீர் கிளாஸை அண்ணன் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அண்ணன் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "எட்டு மாசத்துக்கு முன்னாடியும் இப்படித்தான் இருந்திருக்குமா டாக்டர்?"

"கண்டிப்பா. ரெண்டு வருஷமாவது ஆயிருக்கும்."

அண்ணன் நாற்காலியில் சாய்ந்தார். எட்டு மாதமாக எங்கேயோ பிடித்து வைத்திருந்த மூச்சு ஒன்று அவரிடமிருந்து நீளமாக வெளியே போயிற்று. டாக்டருக்குக் கும்பிடு போட்டுவிட்டு, காகிதத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். வெளியே வந்து நடைக்கூடத்தில் தங்கை அழுதாள். அவர் அவளை அழவிட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றார். பிறகு, வீட்டு நிறுத்தத்தில் இறங்காமல் கடைசி வரைக்கும் போயிட்டு வரலாமா பாப்பா என்று கேட்டார்.

மதியம் என்பதால் டிராமில் கூட்டமில்லை. கடைசி நிறுத்தம் வந்தபோது அவர்கள் இருவர் மட்டும்தான். அந்தம்மா அறைக் கதவைத் திறந்துகொண்டு வந்தார். காலையில் தாமதமாகிவிட்டதா, போன காரியம் முடிந்ததா என்று விசாரித்தார். அண்ணன் எழுந்து நின்று, மடித்து வைத்திருந்த காகிதத்தை அவரிடம் நீட்டினார். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் முன்னால், முதலில் அந்தம்மாவிடம். அந்தம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு வட்டத்தையும் நிதானமாகப் பார்த்தார். வேலைக்காக வருடா வருடம் கண் சோதனைக்குப் போகிறவர், அந்த வட்டங்கள் என்னவென்று அவருக்குத் தெரியும்.

"இப்பவும் ஓட்டறீங்களா?"

"எட்டு மாசமாச்சு, நிறுத்தி."

"இதைப் பாத்துட்டா நிறுத்தினீங்க?"

"இல்ல. இது இன்னைக்குத்தான் வந்துச்சு."

அந்தம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார்.  பித்தளைப் பிடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, காகிதத்தை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்துவிட்டு மறு முனைக்கு நடந்தார்.

அண்ணன் சட்டைப் பையிலிருந்து, ஓரமெல்லாம் மஞ்சளாகிப்போன ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே இருந்த லைசென்ஸை உருவித் தங்கையின் மடியில் வைத்தார். காகிதத்தை நான்காக மடித்து, வட்டங்கள் இருக்கும் பக்கம் வெளியே தெரியும்படி உறைக்குள் செருகி, பையில் போட்டு, பொத்தானை மாட்டினார்.